அலசிய விதை

"நாலு வருஷம் பள்ளிக்கூடம் போய் என்னத்தைடி கிழிச்சே?" என்று பத்தூல் சித்தி ஒருமுறை கேட்டாள்.

சண்டைக்குப் பயந்து ஓடியவர்கள், மழை தொடங்கியதும் எங்கள் சொந்த மண்ணான கொர்தொஃபானுக்குத் திரும்பியிருந்தோம். நிவாரணக்காரர்கள் விதைக்கக் கொடுத்த, சிவப்பு பூசிய சோளத்தைச் சித்தி கஞ்சிக்காக அலசினாள். பிள்ளைகள் பசியில் அடுப்பையே சுற்றினார்கள்.

"சித்தி, அது பூச்சிமருந்து. சாக்குல எழுதியிருக்கு."

"வெறும் சாயம்டி. என் கல்யாணத் துணியிலயே ரெண்டு அலசுல போச்சு."

"இது போகாது. தின்னா பிள்ளைங்க செத்துடும்!"

சித்தியின் கை நின்றது. நனைந்த விதையை இன்றே விதைக்காவிட்டால் அழுகிவிடும். வயலுக்கு அப்பால் காலையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தண்ணீரை வடித்து, சோளச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, விதைக்க வயலுக்குப் போனாள்.