இன்னொரு தொண்டை

இருபத்தாறு வருடம் மேடையில் நின்றவளுக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் சினிமா கதவைத் திறந்தது. கணவர் நடத்திய நாடகக் குழுவில் அவள் போடாத வேஷமில்லை. மைக் பழுதானாலும் கடைசி வரிசைக்கு வசனம் போய்ச் சேரும் என்பதால், குழுவில் அவளுக்கு ‘வெண்கலம்’ என்றே பெயர். படத்தில் கதாநாயகனின் அம்மா வேஷம். மகனின் பிணத்தின் மேல் விழுந்து அவள் அலறியபோது அந்த முகத்தைப் பார்த்து லைட்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதமாகியும் டப்பிங்குக்குக் கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் தானே பஸ் ஏறி ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள்.

ஒலிப்பதிவாளர் பதறி எழுந்தார். “அக்கா, நீங்களா? யார் வரச் சொன்னாங்க?”

“என் வாய்க்கு நான்தானே பேசணும்? பத்திரிகை வச்சு அழைச்சாத்தான் வரணுமா?”

சிரித்தபடியே உள்ளே போனவள் அப்படியே நின்றாள். திரையில் அவளுடைய முகம் வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தது. வந்த குரல் அவளுடையதல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனுடன், கண்ணை மூடிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தது அவளுடைய ஒரே மகள். கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று அன்று காலைதான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

கண்ணைத் திறந்த மகள் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

ஒலிப்பதிவாளர்தான் பேசினார். “தொண்டை சரியில்ல, வேற ஆளை வச்சுப் பேசிக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டாருக்கா. எங்கம்மாவுக்கு வெளியாள் பேசக் கூடாதுன்னு பாப்பாதான் வந்து நின்னுச்சு.”

“என் தொண்டைக்கு என்ன? ஷூட்டிங்ல நான் பேசினதைப் போடுங்க.”

“வேணாம்மா,” என்றாள் மகள்.

“போடுங்கன்னா போடுங்க!”

போட்டார். மெஷின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு. அலற வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அவள் காதுக்குள் இத்தனை நாளும் ஒலித்தது பழைய வெண்கலம்தான்.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா. நாடகத்துல உன் மைக் சத்தத்தை மட்டும் ஏத்தி வச்சிருக்காங்கம்மா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருதான் ஏத்தச் சொன்னாரு. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா, யாரும் மூச்சு விடக் கூடாதுன்னாரு.”

மகளை அறைய ஓங்கிய கை பாதியிலேயே விழுந்தது.

அன்று மதியமே மருத்துவரிடம் போனாள். குரல் நாணில் கட்டி, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் அவர். கடைசியாக ஒன்று கேட்டார்.

“ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா மருந்துலயே சரியாயிருக்கும். கூட இருக்கறவங்க யாருமே சொல்லலையா?”

அவளுக்குக் காதில் விழுந்தது. புரிய நேரமானது. பக்கத்து நாற்காலியில் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வீட்டில் கணவர் தடுமாறினார். “உன் மனசு தாங்காதுன்னுதான்...” அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் அவர் வெளியே போய்விட்டார்.

படம் ஓடியது. டைட்டிலில் மகள் பெயரும் வந்தது. அதை டைரக்டருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கியது அவள்தான். மேடைக்குத் திரும்பவில்லை. வந்த இரண்டு படங்களை ஒப்புக்கொண்டாள், மகள்தான் குரல் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சிகிச்சைக்குப் பின் பேசக் கூடாதென்ற ஆறு வாரம் முடிந்த காலையில் முதலில் மகளைத்தான் கூப்பிட்டாள். குரலை விடக் காற்றுதான் அதிகம் வந்தது. மகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கணவரிடம் அவள் இன்னும் பேசவில்லை.