பித்தளை ஆணியும் கட்டைவிரலும்

கையுறை போட்டது தப்பு. ரயில் அதைத் தெரிந்தே செய்தான்.

பட்டறையில் அவனுக்கு ரயில் என்றுதான் பேர். எந்த வேலையைக் கொடுத்தாலும் ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி ஓடி ஓடிச் செய்வான் என்று மச்சான் வைத்த பட்டம். மச்சான் என்றால் அவன் பெண்டாட்டியின் அண்ணன், பட்டறை அவருடையது. கத்திகளுக்குப் பிடி போடுவதுதான் இருவருக்கும் தொழில். இரும்பின் இருபுறமும் மரத்தைப் பசை போட்டு ஒட்டி, குறுக்கே மூன்று பித்தளை ஆணிகளை இறக்குவார்கள். பசை இறுகியதும், துருத்திக்கொண்டிருக்கும் ஆணி முனைகளை, உப்புத்தாள் பட்டை சுழலும் பெல்ட் மிஷினில் மரத்தோடு மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள்.

அந்தத் தேய்ப்பில்தான் வினை. பித்தளை கண்மூடித் திறப்பதற்குள் சூடாகிவிடும். சூடு உள்ளே இறங்கிப் பசையை இளக்கும். வெளியே பார்த்தால் கத்தி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். என்றைக்காவது ஈரக்கையில் பிடி புரளும். போன வருஷம் ஒரு மீன்காரருக்குப் புரண்டது. உள்ளங்கையில் ஏழு தையல். அந்தக் கத்தியைத் தேய்த்தவன் ரயில்.

மச்சான் அப்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும், ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை கட்டைவிரலை ஆணிமேல் வைத்துப் பார்க்க வேண்டும், விரல் தாங்காத சூட்டைப் பசையும் தாங்காது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

இன்று காலையில் கூர் பார்க்கப்போய் ரயிலின் வலது கட்டைவிரல் கிழிந்துவிட்டது. துணி சுற்றி, மேலே தோல் கையுறையை மாட்டிக்கொண்டான். கையில் இருந்த கத்தி, புதுப் பிடி போட அவன் அக்கா கொடுத்தது. நாளைக் காலை ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக அவளுக்கு முதல் நாள். முந்நூறு பேருக்கு நறுக்க வேண்டும். பதினோரு வருஷமாகக் கைக்குப் பழகிய கத்தியோடுதான் போவேன் என்றிருந்தாள். ஐந்து மணிக்கு வாங்க வருவாள். பசை கெட்டால் மறுபடி ஒட்டி இறுக முழுதாக ஒரு நாள் வேண்டும்.

ஆணி முனைகளை முதலில் ரம்பத்தால் ஒட்ட அறுத்திருக்கலாம். அறுக்கவில்லை. சூட்டைக் கூட்டும் அந்தத் தேய்ந்துபோன பெல்ட்டை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மூன்றாவது ஆணியை ஒரே அழுத்தாக அழுத்தினான்.

பின்பக்கம் கைகழுவிக்கொண்டிருந்த மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"என்ன மாப்ள, கருகுற வாடை வருது. உன் தலையா, கத்தியா?"

ரயில் கையுறையைக் கழற்றி இடது விரலால் ஆணியைத் தொட்டான். விரல் தானாகத் துள்ளியது. ஆணியைச் சுற்றி மரத்தில் கறுப்பாக ஒரு வளையம். அவன் தண்ணீர்க் குவளையை எடுக்கப்போக, மச்சான் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இவ்வளவு சூடு ஏத்தினவனுக்கு ஆறப் பொறுக்க முடியலையா? வை. இடைவெளி இருந்தா தண்ணி உள்ள போயிடும்."

காத்திருந்தார்கள். ரயில் கூட்டிய தரையையே மறுபடி கூட்டினான். உப்புத்தாள் போட்டு வளையத்தை எடுத்துவிட்டால் அக்காவுக்குத் தெரியவே போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு உடனே போய்விடவும் இல்லை. மீன்காரரைப் பார்க்கப் போன நாள், அவர் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. துடைப்பத்தை மூலையில் வைத்தான்.

ஆறியதும் மச்சான் ஒவ்வோர் ஆணியின் விளிம்பிலும் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டார். பசை விட்டிருந்தால் சொட்டு உள்ளே இறங்கிவிடும். முதல் இரண்டிலும் அப்படியே நின்று காய்ந்தது. மூன்றாவதை இருவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். சொட்டு நின்றது, சுருங்கியது, காய்ந்தது. இறங்கவில்லை. மச்சானுக்கு அது போதவில்லை. ஆணிமேல் சின்ன உளியை வைத்துத் தட்டினார். அசையவில்லை. கத்தியை வைஸ் இடுக்கியில் இறுக்கி இருவரும் மாறி மாறிப் பிடியை முறுக்கினார்கள். பிடி புரளவில்லை.

"பொழச்சுப் போ," என்றார் மச்சான். ரயில் பக்கத்திலிருந்த மரப்பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

அக்கா வந்ததும், கத்தியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கையுறை, வாடை, சொட்டு, ஒன்றையும் விடவில்லை. அவள் குழாயடிக்குப் போய்க் கையையும் பிடியையும் நனைத்துக்கொண்டு வந்தாள். பிடியின் அடியை மேஜையில் ஐந்தாறு தடவை இடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள்.

"ஆடல," என்றாள்.

கறுப்பை எடுத்துத் தரட்டுமா என்று ரயில் கேட்டான்.

"விடுடா. இருபது கத்திக்கு நடுவுல என்னோடது எதுன்னு தேட வேணாம்." அவன் விரல் துணியைப் பார்த்தாள். "இது என்ன?"

"உன் கத்திதான்."

"அப்ப கூர் பரவாயில்ல."

அவள் போனதும் ரயில் புது பெல்ட்டை மாட்டினான். அடுத்த கத்தியின் ஆணிகளை ரம்பத்தால் ஒட்ட அறுத்தான். வெறுங்கையால் பிடித்து ரெண்டு இழுப்பு இழுத்து, இடது கட்டைவிரலை ஆணிமேல் வைத்தான். வெதுவெதுப்புதான்.

மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த விரல் காலையில எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டார்.

ரயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.