ஆம்ப்ளிஃபையரின் வயது

துறைமுக வேலையிலிருந்து ரிட்டயராகி, மனைவியும் போன பிறகு, எழுபத்தாறு வயதில் என் ராயபுரம் வீட்டுக்கு வந்த ஒரே மனிதன் இன்னாசி. அதுவும் என்னைப் பார்க்க அல்ல. கப்பல்காரனிடம் நான் வாங்கிய பழைய கிடார் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க. வெள்ளைக் குமிழ்களைக் காட்டி, அது அறுபத்திரண்டில் செய்தது என்பேன். தோல் கைப்பிடியைக் காட்டி, ஐம்பத்தெட்டு என்பான். ஞாயிறுதோறும் மணலிவரை கேட்கும் சண்டை.

ஒரு ஞாயிறு ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "ஸ்பீக்கர் முதுவுல வருசம் குத்திகீறான் நைனா. இன்னிக்கே பைசல் பண்ணிக்லாம்."

பைசலாகிவிட்டால் அடுத்த ஞாயிறு யார் வருவார்கள்?

பின்பலகையைக் கழற்றினான். கப்பல் பக்கவாட்டில் எழுதும் பெயர் அளவுக்குக் கொட்டை எழுத்தில் வருஷம் தெரிந்தது. அதைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணியும் தெர்ல நைனா, எல்லாம் துரு," என்று பலகையை மூடினான். "ஆனா அம்பத்தெட்டுதான்."

"போடா கஸ்மாலம், அறுவத்திரண்டு!" என்றேன்.