வெட்டுக்கல் குழியும் பட்டிப் பொங்கலும்

என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்திக்குப் பக்தி அதிகம். அது குறையில்லை. ஆனால் அந்தப் பக்தி எந்தக் குழியில் போய் இறங்கும் என்று தெரிந்திருந்தால், மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் நான் கொழிஞ்சாம்பாறைக்கு மஞ்சளும் பூவும் வாங்கப் போயிருக்கவே மாட்டேன்.

எங்களுக்கு ஒன்பது கறவை மாடுகள். கட்டுத்தரை கழுவுகிற தண்ணீர் வாய்க்கால் வழியே கீழே பூபதிராஜாவின் குளத்தில் விழும். அவர் இவருக்குப் பங்காளி, தம்பி முறை. போன கோடையில் அந்தக் குளம் பாசி பிடித்து நாறியது. வளர்த்த மீனெல்லாம் செத்து மிதந்தது.

"பொங்கல் வரைக்கும் பார்ப்பேனுங்க அண்ணி. அப்பவும் இப்படியே இருந்தா வாய்க்காலை மண்ணுப் போட்டு அடைச்சுப்போடுவேன்" என்றார். அடைத்தால் கழுவ வழியில்லை, மாடுகளை விற்க வேண்டியதுதான்.

பால் சங்கக் கூட்டத்தில் ஒரு வழி சொன்னார்கள். சாணித் தண்ணீரில் உள்ள பாஸ்பரஸ்தான் பாசிக்குத் தீனியாம். செக்கச்செவேலென்று இருக்கிற வெட்டுக்கல், அதாவது செம்புரைக்கல், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இடிந்த சுவரின் கல்லைச் சல்லியாக உடைத்து, வாய்க்கால் தலைப்பில் குழி வெட்டி நிரப்பினேன். சாணித் திப்பி உள்ளே போகாமல் தங்குவதற்கு மேலே தேங்காய் நார். ஓணத்துக்குத் தொடங்கிய வேலை. மார்கழியில் குளத்துக் கரையோரம் பாசி விலக ஆரம்பித்தது.

மாட்டுப் பொங்கலான பட்டிப் பொங்கலன்று கட்டுத்தரைப் பக்கம் சின்னத் தெப்பக்குளம் வெட்டி, சாணியால் மெழுகி, தண்ணீரும் பூவும் விட்டு, கன்றை அதில் இறக்கித் தாண்ட வைப்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நான் திரும்பி வந்து பார்த்தால், இவர் நாரைத் தூக்கி எறிந்து, பாதிச் சல்லியை வாரிவிட்டு, என் குழியை நன்றாகச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தார். சுற்றிலும் கோலம் வேறு.

"வெட்டின குழி இருக்கறப்ப எதுக்குப் புதுசு வெட்டோணும்னுதான்..."

"ஏனுங்க, சாணி போகக்கூடாதுன்னுதானே அந்தக் குழியே வெட்டுனேன்!" கத்தினேன். கூடவே அழுகையும் வந்துவிட்டது.

அன்று கட்டுத்தரை கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடாமல் வாளியில் மொண்டு தென்னைக்கு ஊற்றினோம். மறுநாள் பொங்கலும் அதுவுமாக இருவரும் குழிக்குள் இறங்கிச் சாணி சுரண்டினோம். சாயங்காலம் பூபதிராஜா வந்தார், தோளில் மண்வெட்டியோடு. அவர் சொன்ன கெடு அன்றோடு முடிகிறது.

"தெப்பம் எங்கீங்க அண்ணி?"

"உங்க அண்ணனையே கேளுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பூபதிராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு, "கன்னுக்குட்டியை என்ற குளத்துக்கு ஓட்டிட்டு வாங்க. தெப்பத்துக்குத் தெப்பமும் ஆச்சு, தண்ணிக்குச் சோதனையும் ஆச்சு. பார்வைக்குத் தண்ணி தெளிஞ்சிருக்கு. ஆனா மாடு வாய் வெச்சாத்தான் நான் நம்புவேன்" என்றார்.

கோடையிலிருந்து எந்த மாடும் வாய் வைக்காத தண்ணீர் அது. மாலை போட்ட கன்று முழங்கால் அளவுக்கு இறங்கியது. தண்ணீருக்குள் அதன் குளம்பு எனக்குத் தெரிந்தது. மோந்து பார்த்தது, தலையை ஆட்டியது. அப்புறம் குனிந்து குடித்தது, போதும் போதும் என்கிற மட்டும் குடித்தது.

பூபதிராஜா வாய்க்கால் ஓரமாக மேலே நடந்தார். வாய்க்கால் தலைப்பில் நின்று அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கியதும் நான் பின்னாலேயே ஓடினேன்.

"வாய்க்காலை அடைக்கத்தானுங்க மம்முட்டி கொண்டாந்தேன்" என்றபடி குழிக்குள் இறங்கி, மிச்சமிருந்த சாணியை வாரி வெளியே போட ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் குழியின் கரையில் நின்று, எப்படி வார வேண்டும் என்று அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.