சுமாரான எதிரி வராத ஊர்

1

பீரங்கி வெடித்தபோது வெர்னின் கத்தரிக்கோல் என் காதை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. காது தப்பியது. இந்தக் கதை பிறந்தது.

ஆல்டர்மண்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் மைதானத்தில் அந்தப் பீரங்கியை வெடிக்கவைப்பார்கள். சனிக்கிழமை மதியம் இந்த ஊரில் முடி வெட்டிக்கொள்ள உட்காருகிறவன் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நானும் அமெரிக்காவின் இந்த இண்டியானா மாநிலத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். பீரங்கிக்குத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு வெர்ன் விட்ட பெருமூச்சுக்குத்தான் தயாராக இல்லை.

"என்ன வெர்ன், நம்ம ஆளுங்கதானே புள்ளி எடுத்தாங்க?"

"அதான் கவலை," என்று வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். "இனிமே எதிராளி வெறி புடிச்ச மாதிரி ஆடுவான் பாருங்க. நம்ம ஊருக்கு வர்றவன் எவனாவது சுமாரா ஆடி நீங்க பாத்திருக்கீங்களா? எனக்கு இவ்வளவு வயசாச்சு, நான் பாத்ததில்ல. கண்ட கண்ட டீமெல்லாம் இங்க வந்து பஸ்ஸ விட்டு இறங்கினதும் புலியாயிடுது. அடுத்த வாரம் வேற ஊர்ல போய் மறுபடி பூனை."

பாதி வெட்டிய தலையோடு யோசித்தேன். புகழ் பெற்ற அணிக்குச் சாதாரண எதிரியே வாய்ப்பதில்லை. சரி. ஆனால் அந்த அணிக்குள் ஒரு சாதாரண ஆள் இருந்தால் அவன் கதி என்ன?

2

முதல் வரிகளை இங்கேயே போட்டுவிடுகிறேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

"அன்று வானம்கூடச் செம்பு நிறத்தில்—" வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதையை வாசகர்கள் இரண்டாவது பத்தியிலிருந்துதான் படிக்கிறார்கள்.

"புகழ் என்பது நாம் சுமப்பதா, அல்லது நம்மைச்—" இது கட்டுரை. கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் குரல் கேட்கிறது. அடித்தாயிற்று.

"கோல்பி ஸ்ட்ரெலெக்கிக்குக் காலை உணவு இறங்கவில்லை." இதை வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் கோல்பி நூற்று நாற்பது கிலோ. அவனுக்கு உணவு இறங்கவில்லை என்றால் விஷயம் பெரிது.

ஐந்தாம் ஆண்டு மாணவன். ஆல்டர்மண்ட் அணியின் செம்பு நிற ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு பருவமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவன் அம்மா மார்லீன், அயோவாவிலிருந்து காரோட்டி வந்து ஒவ்வொரு மேட்ச்சிலும் பார்த்தது மகனுடைய பிடரியைத்தான். இந்தச் சனிக்கிழமை அவனுக்கு முதல் முறையாக ஆட வாய்ப்பு. வழக்கமாக அந்த இடத்தில் ஆடும் டானருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.*

"இந்த வாரம் நீ," என்றார் பயிற்சியாளர் ப்ரூக். அவர் பேச்சில் சர்க்கரை கிடையாது. "நம்ம குவார்ட்டர்பேக் சட்டைல மண்ணு படக் கூடாது. படலன்னா அடுத்த வாரமும் நீதான். பட்டுச்சுன்னா அந்த முதலாம் ஆண்டுப் பையனைப் போட்டுடுவேன். டிசம்பர்ல நீ பட்டம் வாங்கிட்டுப் போயிடுவே. அவனாவது நாலு வருஷம் இருப்பான்."

"சரிங்க கோச்."

"பயப்படாதே. வர்றது டாலிவர் ஸ்டேட். இந்த வருஷம் இன்னும் ஒண்ணுகூட ஜெயிக்கல அவங்க. அதான் உன்னைப் போடறேன்."

(*இந்த ஊர்க் கால்பந்தில் கால் பந்தைத் தொடுவது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஆறு புள்ளி. குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை எறிகிற இளவரசன். கோல்பி அந்த இளவரசனுக்கு முன்னால் நிற்கிற மதில். மதில் பந்தைத் தொடாது. எதிரில் நிற்பவன் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மதிலை யாரும் பாராட்டுவதில்லை, இடிந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.)

3

கோல்பிக்கு எதிரில் ஒருவன் வேண்டும். அவன்தான் எனக்குப் பிரச்சினை.

முதல் பிரதியில் அவனுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு கொடுத்திருந்தேன். "அவன் கண்களில் கொலைவெறி—" என்று எழுதிவிட்டு, எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து, அடித்தேன். இந்த ஊரில் நான் பார்த்த மதில் உடைப்பவர்கள் எல்லோரும் மளிகைக் கடையில் வழிவிட்டு நிற்கிறவர்கள். தழும்பை எடுத்தாயிற்று. பெயர் மட்டும் இருக்கட்டும்: ஓட்டிஸ் லாண்ட்ரம்.

அந்த வாரம் முழுக்கக் கோல்பி, ஓட்டிஸ் ஆடிய வீடியோக்களைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க மனது லேசானது. முந்தின வார மேட்ச்சில் ஓட்டிஸ் ஓடவே இல்லை, உலாவினான். ஒரு முறை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்து தன்னைத் தாண்டிப் போவதை வேடிக்கை பார்த்தான். இன்னொரு முறை, சத்தியமாக, கொட்டாவி விட்டான்.

அம்மாவுக்குக் கோல்பி போன் செய்தான். "கவலப்படாதேம்மா. அந்தாளு தூங்கிக்கிட்டே ஆடறான்."

(இந்த இடத்தில் வாசகர் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை என்றால் தயவுசெய்து மறுபடி முதல் பகுதியில் வெர்ன் சொன்னதைப் படியுங்கள்.)

4

ஆல்டர்மண்ட் மைதானத்தில் விருந்தாளி அணி உள்ளே வர ஒரே ஒரு நடைவழி இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகளில் கோப்பைகள், பழைய சாம்பியன்களின் ஆளுயரப் படங்கள், கடைசியில் பித்தளை எழுத்தில் "இங்கே வந்தவர்களை நினைத்து வருந்துகிறோம்". வருகிறவன் தொடை நடுங்கட்டும் என்று யாரோ ஒரு பெரிய மனிதர் யோசித்துக் கட்டியது.

உண்மையில் நடப்பது வேறு. அந்த நடையில் வருகிற பையன்கள் நடுங்குவதில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்குத் தங்கள் ஊரில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அங்கேதான் அவர்களுக்கு உறைக்கிறது. மறுமுனையில் வெளியே வரும்போது ஆளே வேறு. எதிரிக்கு ஊட்டச்சத்து கொடுக்க இவ்வளவு பளிங்குக்கல் பதித்த ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. கோல்பி குனிந்து, மூன்று விரலைத் தரையில் ஊன்றி, எதிரில் நின்ற தூங்குமூஞ்சியைப் பார்த்தான்.

அடுத்து அவன் பார்த்தது வானம். (ஆக, வானம் கடைசியில் கதைக்குள் வந்தேவிட்டது.)

அவன் மேல் ஏறிப் போன ஓட்டிஸ், குவார்ட்டர்பேக்கின் வெள்ளைச் சட்டையைப் புல்லில் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து, கோல்பிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"அடி கிடி பட்டுச்சா கண்ணு?"

"போன வாரம் நீ இப்படி ஆடலையே," என்றான் கோல்பி மூச்சு வாங்க. "வீடியோ பாத்தேன். கொட்டாவி விட்டே."

"போன வாரம் என்ன உங்களோடவா ஆடினோம்?"

5

முதல் பாதி முடிவதற்குள் குவார்ட்டர்பேக்கின் சட்டை துவைக்கப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. ஓரத்தில் ஊன்றுகோலோடு நின்ற டானர் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வீடியோவையா நம்பின நீ? அது மத்தவங்களோட ஆடினதுடா. நம்மகிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் அவங்க வேற ஆளு. நாலு வருஷமா பெஞ்சுல உக்காந்து என்னத்த பாத்தே?"

"நீங்கல்லாம் சரியா ஆடலைன்னு நெனச்சேன்," என்றான் கோல்பி உண்மையாக.

டானர் சிரிப்பை நிறுத்தினான். பயிற்சியாளர் ப்ரூக் சற்றுத் தள்ளி, அந்த முதலாம் ஆண்டுப் பையனின் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையன் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான்.

இங்கேதான் கோல்பிக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு வரவில்லை. நான் அவனை இன்னும் நாலு முறை விழவைக்கத்தான் திட்டமிட்டிருந்தேன். அவனாகவே எழுந்து செய்தது இது.) ஓட்டிஸைப் புலியாக்குவது ஆல்டர்மண்டின் பெயர் என்றால், அந்தப் பெயரைக் கொஞ்சம் கெடுத்துவிட்டால் என்ன? தன் அணியின் மானத்தை ஒரு மதியத்துக்கு விற்றால், ஒரு பழைய கொட்டாவியாவது திரும்பக் கிடைக்காதா?

இரண்டாம் பாதியின் முதல் மோதலிலேயே ஆரம்பித்தான்.

"கேளு, நீ நெனக்கிற மாதிரி நாங்க ஒண்ணும் பெரிய ஆளுங்க இல்ல. போன மாசம் ரெண்டு மேட்ச் தோத்தோம்."

"ஒண்ணுதான் தோத்தீங்க. இன்னொண்ணு நடுவர் பண்ணின அநியாயம்," என்றான் ஓட்டிஸ். டமால்.

"எங்க குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் பாக்கவே தெரியாது."

"சின்னப் பையன்தானே, கத்துக்குவான்." டமால்.

"அந்த நடைல பாத்தியே, பாதிக் கோப்பை எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது."

"நாப்பத்தாறுல வாங்கினதச் சொல்றியா?" ஓட்டிஸின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பனி கொட்டற கொட்டுல, பாதிப் பேருக்குக் காய்ச்சலோட ஜெயிச்ச கோப்பைடா அது. அதைப் போய்ச் சாதாரணமா சொல்றே?"

"நெஜமாவா? எனக்குத் தெரியாது."

"தெரியாதா? அஞ்சு வருஷமா அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுத் திரியறே. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இல்ல?"

அடுத்த அடி, அன்றைய அடிகளிலேயே பெரிது. ஆனால் கோல்பி விழவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. தன் வீட்டைப் பற்றித் தானே இளக்காரமாகப் பேசி, விருந்தாளி அதைக் கண்டித்தால் எப்படி இருக்கும், அப்படிக் காது சுட்டது. அந்தச் சூட்டோடு அடுத்த முறை காலை ஊன்றினான். அதற்கடுத்த முறையும். பயிற்சியாளரின் கை முதலாம் ஆண்டுப் பையனின் தோளிலிருந்து இறங்கியது. பீரங்கி ஒரு தடவை வெடித்தது. பிறகு இன்னொரு தடவை.

"அப்படி வா வழிக்கு," என்றான் ஓட்டிஸ், பல்லில் ஒட்டிய புல்லைத் துப்பிவிட்டு. "இப்பத்தான் ஆல்டர்மண்ட் மாதிரி இருக்கு."

(உண்மையில் இரண்டு மோதலுக்கு நடுவே இவ்வளவு பேச நேரமிருக்காது. மூச்சு வாங்கவே போதாது. நேரத்தை நான் கொடுத்தேன். ஒரு கதைக்காரனால் அதைத்தான் தாராளமாகக் கொடுக்க முடியும்.)

6

மேட்ச்சின் கடைசி நொடிகள். டாலிவர் ஸ்டேட் நான்கு புள்ளி முன்னால். எல்லைக்கோடு ஒரு கஜ தூரம். கடிகாரத்தில் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் இடம்.

"பந்து உன் பக்கமாத்தான் வருது," என்றார் ப்ரூக். "எதிர்ல நிக்கறவனை ஒரு அடி பின்னால தள்ளு. அடுத்த வாரம் யாருங்கற பேச்சே வேண்டாம், நீதான்."

"தள்ளலன்னா கோச்?"

"உங்கம்மாவை அடுத்த வாரம் வீட்டுலயே இருக்கச் சொல்லிடு."

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் கோல்பி தள்ளுகிறான். பீரங்கி. மார்லீன் மகனுடைய முகத்தை மைதானத்தின் நடுவே பார்க்கிறாள். வெர்ன் எனக்கு அடுத்த முறை காசு வாங்காமல் முடி வெட்டுவார். குறை என்னவென்றால், அந்த நடையில் இன்னொரு கோப்பைக்கு இடமே இல்லை. இந்த வெற்றியை இந்த ஊர் திங்கட்கிழமை மறந்துவிடும்.

இரண்டாவதில் ஓட்டிஸ் நிற்கிறான், மலை மாதிரி. டாலிவர் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுகிறார்கள். அந்த வருடத்தின் ஒரே வெற்றி. பேரன் பேத்தி வரைக்கும் சொல்வார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. ஆனால் கோல்பி மறுபடி பெஞ்சுக்குப் போகிறான். அதோடு, நான் இந்த ஊரில்தான் இன்னும் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவதில் நடுவர் விசில் ஊதுகிறார், இருவரும் கை குலுக்குகிறார்கள், சூரியன்— மன்னியுங்கள். அதை நான் கிழித்த வேகத்தில் மேஜை விளக்கு விழுந்தது.

ஆகவே முடிவு உங்களிடம். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். யார் பக்கம் சாய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கடைசிப் பிரதியை எழுதும்போது, பந்து கை மாறுவதற்கு முந்தின அந்த நொடியில், இவர்கள் இரண்டு பேரும் நான் திட்டமிடாத ஒன்றைப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்னால் எந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை. அதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். தள்ளுவது நீங்கள்.

7

கோல்பி குனிந்து விரலை ஊன்றினான். எதிரில் ஓட்டிஸும் குனிந்தான். இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு பேர் மூச்சும் குளிரில் ஆவியாகி ஒன்றாகக் கலந்தது. மைதானம் முழுக்கச் செம்பு நிறம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது.

"எங்க ஆளுங்களைப் பத்தி எங்களைவிட உனக்கு நெறைய தெரியுது," என்றான் கோல்பி. "அப்புறம் ஏன்டா எங்களைப் போட்டு இந்த அடி அடிக்கறே? எங்க மேல அப்படி என்ன கோவம்?"

ஓட்டிஸ் விரலைத் தரையிலிருந்து எடுக்காமல், முகவாயை மட்டும் தூக்கி, உள்ளூர்க் கூட்டத்தைக் காட்டினான்.

"கோவமா? அதோ மூணாவது வரிசைல, உங்க செம்புத் தொப்பியப் போட்டுக்கிட்டு, என்னைத் தள்ளச் சொல்லி உன்னைப் பாத்துக் கத்தறாரே, அவருதான் எங்கப்பா."