சுண்ணாம்பு விழுதுகள்

அஸ்தினாபுரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், விஷ்ணுப்ரியாவின் கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, கான்கிரீட் கூரையிலிருந்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு விழுதுகள் தொங்கின. விரற்கடை நீளத்தில் தொடங்கியவை இப்போது ஒரு சாண் வந்துவிட்டன. பென்சிலைவிட மெலிந்தவை, உள்ளே துளையுள்ளவை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும். விழுந்தால் அவளுடைய காரின் மேல்தான். காய்ந்த துளி தழும்பாகிவிடும். தேய்த்தால் பெயின்ட் போகுமே தவிரத் தழும்பு போகாது.

முதல் தளத்தில், அதே கூரையின் மேல், தோத்தாத்ரியின் அகலமான பால்கனி இருந்தது. அங்கே அவர் மனைவி காமு மல்லிகை வளர்த்தாள். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் தரைக்குள் இறங்கி, சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே வந்தது. குகைகளில் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்ளும் வேலை இங்கே சில மழைக்காலங்களில் முடிந்திருந்தது. விட்டுவைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, ஒருநாள் துளிக்குப் பதிலாகக் கூரையே விழும். பால்கனித் தரையை உடைத்து, தண்ணீர் இறங்காமல் தோத்தாத்ரி பூசித் தர வேண்டும். விஷ்ணுப்ரியாவின் ஒரே கோரிக்கை அதுதான்.

தோத்தாத்ரி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

"சிமெண்டுக்கு வேர்க்கறதும்மா. இந்த வெயில்ல உனக்கு வேர்க்கலையா? அதுக்காக உன்னை இடிச்சுடலாமா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை. பொதுக்குழு கூடும் நாளில் அத்தனை பேரையும் அண்ணாந்து பார்க்கவைப்பது என்று முடிவுசெய்து, விழுதுகளில் துடைப்பம் படாமல் காத்துவந்தாள்.

ஆயுத பூஜையன்று காலையில் அவள் இறங்கி வந்தபோது, உடைந்த சாக்பீஸ்களைப்போல் விழுதுகள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒட்டடைக் கம்போடு தோத்தாத்ரி நின்றார். பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டிய அவருடைய புதிய கறுப்புக் கார்.

"பூஜை நாள் பாரு, ஒட்டடையோட ஒட்டடையா அதையும் தட்டிட்டேன். ஒரு தேங்க்ஸ் சொல்லப்படாதா?"

"ஒட்டடை எது, கல்லு எதுன்னு தெரியாத கண்ணா சார் உங்களுக்கு?"

"இப்ப ஒண்ணும் ஒழுகலையே!"

"ஒழுகலைன்னா நல்லதாப் போச்சு. பொதுக்குழு வரைக்கும் உங்க கார் இங்கே நிக்கட்டும். என் வண்டி உங்க இடத்துல நிக்கும்."

பூஜைக்குக் கூடியிருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். மறுத்தால் ஒழுகுகிறதென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

அதன்பின் கூரை சொட்டவில்லை. ஆனால் பால்கனியில் மல்லிகை இலைகள் சுருண்டன. மாடியிலிருந்து காமுவின் குரல் நாளுக்கு நாள் உரத்துக் கேட்டது. விஷ்ணுப்ரியா இரண்டையும் கவனித்தாள்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை அதே கார் நிறுத்துமிடத்தில் கூடியது. பளபளக்கும் பானெட்டைத் தோத்தாத்ரி உள்ளங்கையால் தட்டினார்.

"எல்லாரும் நன்னாப் பாத்துக்கோங்கோ. ஒரு சொட்டு உண்டா?"

"உங்க மல்லிச்செடி ஏன் சார் கருகிப்போச்சு?" என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

"செடின்னா கருகத்தான் செய்யும். அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

"பின்னே வேற யாராம்?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஈரப் புடவையும் காலி வாளியுமாக நின்றாள் காமு. "தண்ணி விடப்படாதுன்னு பால்கனிக் குழாயோட கைப்பிடியைக் கழட்டிப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். பூக்கற செடியைப் பட்டினி போட்டா யாருக்கு அடுக்கும்? இன்னிக்கு விடியறதுக்கு முன்னாலேர்ந்து சமையல் உள்ளேர்ந்து வாளி வாளியாச் சுமந்து ஊத்திருக்கேன்."

"உள்ளே போடி!"

"போறேன். கைப்பிடியைக் குடுங்கோ, போறேன்."

யாரும் சொல்லாமலே எல்லோருடைய தலைகளும் நிமிர்ந்தன. உடைந்த விழுது ஒன்றின் வாயில் துளி திரண்டது, பருத்தது, சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் 'டப்'பென்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

பொருளாளர் அசரியா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்புறம் சார், தரையை எப்ப உடைக்கறீங்க?"

தோத்தாத்ரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் பாய்ந்தார்.

"தேய்க்காதீங்க சார்," என்றாள் விஷ்ணுப்ரியா. "வேர்வைதானே? தானாக் காஞ்சுடும்."