ம. செவந்தி

கண்ணாடிக் கதவு திறந்ததும் முதலில் வந்தது வெக்கை. புதுக்கோட்டை வெயில் ஈரமில்லாதது. தோலைச் சுட்டுவிட்டுப் போய்விடும். மாலத்தீவின் வெயில் வெந்நீரில் முக்கியெடுத்த துணியைப்போல முகத்தில் ஒட்டிக்கொண்டது. செவந்தி டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சாலையைத் தேடிய கண்ணுக்குச் சாலை அகப்படவில்லை. ஐம்பதடி தள்ளிக் கடல் இருந்தது. அவளுக்குத் தெரிந்த கடல் கோட்டைப்பட்டினத்துக் கடல், சேற்று நிறத்தில் அலையில்லாமல் படுத்துக் கிடக்கும். இது கண்ணைக் கூசவைக்கும் பச்சை. பேருந்துகள் நிற்க வேண்டிய இடத்தில் படகுகள் நின்றன.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து.

திருச்சி ஏஜென்சியின் அருணா மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து ஆள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். மூன்று மணிக்குப் படகு. அதை விட்டால் பள்ளிக்கூடம் இருக்கும் தீவுக்கு அடுத்த படகு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் கணக்கு டீச்சர் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் அட்டையைப் பற்றித்தான் சொன்னார். பீட்டர், ஆவூர்க்காரர். பன்னிரண்டு வருடமாக இங்கே கட்டட மேஸ்திரி.

"தனியாவா வாரீங்க?"

"ஆமாண்ணே."

"வெளிய போனதும் நாலு பேரு டீச்சரா டீச்சரான்னு வருவான். எவன் பின்னாடியும் போயிராதீங்க. அட்டையில ஒங்க பேரு இருந்தாத்தான் நகரணும். எங்கூட வந்த பய ஒருத்தன் வேற எவன் பின்னாடியோ போயி, மூணு நாளு மீன் கம்பெனில மீன் அறுத்துட்டு வந்தான். இன்னைக்கும் அவனுக்கு மீன்கொழம்பு ஆகாது."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு பெயரைச் சொல்லி, அப்படி ஒருவரை இங்கே தெரியுமா என்று கேட்டிருக்கலாம். நாக்கு வரை வந்தது. பீட்டர் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். இறங்கியதும் அவர் பெட்டி முதலில் வந்துவிட்டது. "வாரேன் தாயி, பாத்து இருங்க," என்று அக்கரைக்குப் போகும் படகைப் பிடிக்க ஓடினார்.

கேட்காமல் விட்ட பெயர் மதுரைவீரன். அவளுடைய அப்பா. நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரியில் லாரி ஓட்டியவர். ஒருமுறை பாதத்தில் கல் விழுந்து, அன்றிலிருந்து இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். அவளுக்கு எட்டு வயதானபோது கட்டட வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் போன் வந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. அவர் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. திருக்கோகர்ணத்து வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா பொட்டு வைப்பாள், பூ வைக்கமாட்டாள். ஏன் என்று கேட்டவர்கள் இல்லை. செவந்தியின் சான்றிதழ்களில் மட்டும் அவர் மிஞ்சியிருந்தார், பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக.

வேலைக்கான கடிதம் வந்த அன்று அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஒலகத்துல வேற ஊரே இல்லையாடி ஒனக்கு?"

"சம்பளம் நல்லாருக்கும்மா."

"சம்பளத்துக்குத்தான் போற."

"ஆமா."

"அப்ப அந்த வேலைய மட்டும் பாரு. தேடுறேன் கீடுறேன்னு கெளம்பிராத."

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபது பேர் அட்டை பிடித்து நின்றார்கள். ஹோட்டல் பெயர்கள், வெள்ளைக்காரப் பெயர்கள், சீன எழுத்துகள். செவந்தி ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். அவள் பெயர் இல்லை. மறு கோடியிலிருந்து திரும்பப் படித்தாள். அப்போது, இரண்டு ஹோட்டல்காரர்களுக்கு நடுவே, நீலச் சட்டை போட்ட ஒருவனின் கையில் அது தெரிந்தது. வெள்ளை அட்டை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒரே ஒரு பெயர்.

மதுரைவீரன்.

டிராலி யார்மீதோ இடித்தது. மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. அவள் பின்வாங்கிப் பணம் எடுக்கும் இயந்திரத்தின் மறைவில் நின்றாள்.

இந்த ஊரில் அந்தப் பெயர் இன்னும் எத்தனை பேருக்கு இருக்க முடியும்? ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறாரா? எந்த ஊருக்கு? அதே விமானத்தில் வந்தாரா? பின்வரிசைகளில் வேலைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. இப்போது ஐம்பத்து நான்கு வயதிருக்கும். தலை நரைத்திருக்கும். முகம் அடையாளம் தெரியாமல் போகலாம், கால் காட்டிக்கொடுத்துவிடும். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் முகங்களை விட்டுக் கால்களைப் பார்த்தாள். ஷூ போட்ட கால்கள், ரப்பர் செருப்புக் கால்கள், பெட்டியோடு ஓடும் குழந்தைக் கால்கள்.

இரண்டு முப்பது. அவளைத் தேடி யாரும் வரவில்லை. அருணா மேடத்துக்கு அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கிலேயே நின்றது.

நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். கையில் துணிப்பை. அட்டையை நோக்கி நேராக நடந்தார். வந்தால் என்ன செய்வது என்று இவ்வளவு நேரமும் அவள் யோசித்திருக்கவில்லை. கூப்பிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா? கூப்பிடுவதென்றால் என்ன சொல்லி? அவர் அட்டையைத் தாண்டி, பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார். கால் நேராகத்தான் நடந்தது.

இரண்டு நாற்பத்தைந்து. நீலச் சட்டைக்காரன் யாருக்கோ போன் செய்தான். உதட்டைப் பிதுக்கினான். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

இந்தக் கதவை விட்டு நகர்ந்தால் அவளைக் கூட்டிப்போக வரும் ஆளைத் தவறவிட்டுவிடலாம். நகராவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். அதை ஒருமுறை போகவிட்டாகிவிட்டது, எட்டு வயதில், பேருந்து நிலையத்தில், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு.

அவள் ஓடினாள். டிராலியின் ஒரு சக்கரம் சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டது.

"சார்! ஒன் மினிட்!"

அவன் திரும்பினான். அவள் அவன் கக்கத்தைக் காட்டினாள். ஆங்கிலம் வகுப்பறையில் வருவதுபோல் வரவில்லை.

"திஸ் மேன். வேர் இஸ் ஹி?"

"மேன்?" அவன் புருவத்தைச் சுருக்கினான். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தான். அதில் கண்ணை ஓட்டினான். அவளைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். பிறகு சிரித்துத் தாளை அவள் பக்கம் திருப்பினான்.

பாஸ்போர்ட் நகல். கருப்பு வெள்ளையில் அவள் முகம். காது தெரிய முடியை ஒதுக்கி எடுத்த படம். குடும்பப் பெயர் என்ற இடத்தில், மதுரைவீரன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விசாவில் சிக்கல் வரும் என்று பாஸ்போர்ட் விண்ணப்பம் பூர்த்தி செய்த கடைக்காரர்தான் சொன்னார். இனிஷியலை விரித்துப் போட்டுவிடுகிறேன் என்றார். சரி என்றாள். ஊரில் யாரையும் யாரும் இனிஷியலைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடும் தேசங்கள் இருக்கும் என்பது அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

"யூ? மதுரைவீரன்?" என்றான் அவன்.

அவள் நகலில் அந்தப் பெயரை மறுபடி படித்தாள்.

"எஸ்."

"கம், கம். போட் இஸ் வெயிட்டிங். மிஸ் மதுரைவீரன், ஒன் அவர் ஐ ஸ்டாண்ட்!"

படகில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை அவனே தூக்கிப் போட்டான். அட்டையை எதிர் இருக்கையில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனான். விமான நிலையத்து வைஃபை துறை வரை எட்டியது. போன் அதிர்ந்தது. அம்மா.

"போயிச் சேந்துட்டியாடி? எவ்வளவு நேரமாக் கூப்புடுறேன். ஆளு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. படகுல ஏறிட்டேன்."

"அட்டையில பேரப் பாத்துத்தான ஏறுன?"

"பாத்தேன்."

"சரியா எழுதியிருந்தாங்களா? ஒம் பேருதான?"

இன்ஜின் உறுமியது. படகு துறையை விட்டு விலகியது. அம்மாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. எதிர் இருக்கையில் அட்டை, எழுத்துள்ள பக்கம் மேலாகக் கிடந்தது. திறந்த கடலின் காற்று அதன் ஒரு முனையைத் தூக்கியது. செவந்தி எட்டி, உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.